ரயில் வேறு, ஃப்ரீ-ஃப்ளோட் வேறு

விழுப்புரம் பக்கத்து ஆளிடம் ‘ரயில்’ என்று சொன்னால் ஜங்ஷன்தான் ஞாபகத்துக்கு வரும். சென்னை, திருச்சி, மாயவரம், காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிற ஊர். ஆனால் கண்டாச்சிபுரம், முகையூர், அரகண்டநல்லூர் பக்கமிருந்து பட்டாளத்துக்குப் போன பையன்கள் லீவில் வந்து ‘ரயில்’ என்று பேசினால் அது வேறு ரயில். துப்பாக்கியின் முன்பக்கம், இடது கை பிடிக்கிற ஹேண்ட்கார்டின் மேல் பல் பல்லாக வெட்டியிருக்கும் பட்டை. டார்ச், லேசர், பைபாட், முன்பிடி எல்லாம் அதில் மாட்டலாம்.

இந்த வருடம் மட்டும் மூன்று பேர் என்னிடம் இதையே கேட்டுவிட்டார்கள். ‘பெரியப்பா, எங்க செக்‌ஷன்ல ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டு ரயில் வாங்கலாம்னு இருக்கோம். எது நல்லது? ஆன்லைன்ல ஃப்ரீ-ஃப்ளோட்னே போட்டு விக்கிறான்.’ கேட்டவன் கையில் போன், போனில் படம். கறுப்பு அலுமினியம், பளபளவென்று இருக்கிறது. ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

என் கட்சி மூன்று. ஒன்று, ரயில் என்பதும் ஃப்ரீ-ஃப்ளோட் என்பதும் ஒரே பொருள் அல்ல. ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றை விற்கிறார்கள். இரண்டு, ஒரு துப்பாக்கிக்கு எது பொருந்தும் என்று தீர்மானிக்க வேண்டியவன் ஆர்மரர்; கடைக்காரனும் அல்ல, வீடியோ போடுகிறவனும் அல்ல. மூன்று, அதற்கான காசு சிப்பாயின் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்கூட வரக்கூடாது.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். குண்டு பேரலுக்குள் போகும்போது பேரல் அசையாமல் நிற்பதில்லை. கோயில் மணியை அடித்தால் அதிர்கிற மாதிரி அதிர்கிறது. தொடர்ந்து சுட்டால் சூடேறி நீள்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய் விழும். அதிர்கிற பேரலை ஒருமுறை மேலிருந்து அழுத்தி, மறுமுறை பக்கத்திலிருந்து இழுத்தால், குண்டு விழும் இடம் மாறும். மணி அடிக்கும்போது அதன் விளிம்பில் விரல் வைத்துப் பாருங்கள், ஓசை மாறிவிடும். அதே கதைதான்.

சாதாரண ஹேண்ட்கார்டு பெரும்பாலும் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் ரிசீவர் ஓரம், முன்பக்கம் பேரல் மேல். ஏகே வகையில் கீழ் ஹேண்ட்கார்டின் முன்முனையைப் பிடிக்கிற வளையம் பேரலில்தான் இருக்கிறது. மேல் ஹேண்ட்கார்டு கேஸ் டியூபின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பழைய எம்-16 வகையில் முன்முனையைத் தாங்குகிற தகட்டு மூடி பேரலில் இருக்கிறது. நம்முடைய பழைய எஸ்.எல்.ஆரில் ஸ்லிங்கின் முன்வளையம் கேஸ் பிளாக் பக்கம் பேரலோடு இருந்தது. ஸ்லிங்கைக் கையில் சுற்றி இறுக்கி இழுத்தால் பேரலையே இழுக்கிறீர்கள். ஹேண்ட்கார்டை மணல் மூட்டையில் அழுத்தினால் பேரலையே அழுத்துகிறீர்கள்.

ஃப்ரீ-ஃப்ளோட் என்றால் இதற்கு மாற்று. ஹேண்ட்கார்டு பின்பக்கம் ரிசீவரிலோ, பேரலை ரிசீவரோடு பிணைக்கிற நட்டிலோ மட்டும் பிடித்திருக்கும். அதற்கு முன்னால் பேரலை எங்கேயும் தொடாது. கேஸ் பிளாக்கைக்கூடத் தொடக்கூடாது. நீங்கள் பைபாடில் சாய்ந்தாலும் ஸ்லிங்கை இழுத்தாலும் அந்தப் பாரம் ரிசீவருக்குப் போகும், பேரலுக்குப் போகாது. இவ்வளவுதான் சங்கதி. இதில் பல் வெட்டிய பட்டை இருக்கிறதா இல்லையா என்பது வேறு கேள்வி. பட்டையே இல்லாத வெறும் குழாயும் ஃப்ரீ-ஃப்ளோட்டாக இருக்கலாம். அமெரிக்காவில் சர்வீஸ் ரைபிள் போட்டிகளில் சுடுகிறவர்கள் பழைய பிளாஸ்டிக் ஹேண்ட்கார்டுக்கு உள்ளேயே வெளியில் தெரியாமல் ஃப்ரீ-ஃப்ளோட் குழாய் வைத்துக்கொண்டார்கள். ஒரு பட்டைகூட வெளியே தெரியாது. நாலு பக்கமும் பட்டை வைத்த ஹேண்ட்கார்டு பேரல் மேலேயே உட்கார்ந்திருக்கவும் கூடும்.

நம் பையன்களுக்கு ஆன்லைனில் காட்டப்படுவதில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இந்தப் பின்சொன்ன வகைதான். ஏகேவுக்கென்று வருகிற இரண்டு துண்டு ரயில் ஹேண்ட்கார்டு, பழைய மரப்பிடி இருந்த அதே வளையத்திலும் அதே கேஸ் டியூபிலும் உட்கார்கிறது. முன்பு மரம் தொட்டது, இப்போது அலுமினியம் தொடுகிறது. அதற்கு ‘ஃப்ரீ-ஃப்ளோட்’ என்று பெயர் வைத்தால் அது வியாபாரம். அந்த மேல்பட்டையில் போய் சைட் மாட்டுகிறான் ஒருவன். அடியில் இருப்பது கேஸ் டியூப். ஒரு மேகசின் வேகமாகச் சுட்டால் கை வைக்க முடியாத சூடு. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் ஒவ்வொரு முறையும் அது ஒரு மயிரிழையாவது நகர்ந்து உட்காரும். அதன்மேல் மாட்டிய சைட்டின் ஜீரோ எத்தனை நாள் நிற்கும்?

எது ஃப்ரீ-ஃப்ளோட், எது இல்லை என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு ஒரு பழைய வழி உண்டு. துப்பாக்கியைக் காலி செய்து, இரண்டு தரம் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு ரிசீவர்வரை இழுத்துப் பார்ப்பார்கள். எங்கே நிற்கிறதோ அங்கே தொடுகிறது. குழாய் வகைக்குக் கண்ணே போதும்: முன்முனையில் சுற்றிலும் இடைவெளி தெரிய வேண்டும், கையால் அழுத்தினாலும் அந்த இடைவெளி மூடக்கூடாது.

இதைவிட நல்ல பரிசோதனை ரேஞ்சில்தான். ஒரே சைட் செட்டிங், ஒரே லாட் தோட்டா. ஹேண்ட்கார்டின் பின்பக்கத்தைத் தாங்கி ஐந்து குண்டு. முன்முனையில் பைபாட் வைத்து, அதன்மேல் நன்றாகச் சாய்ந்து ஐந்து. ஸ்லிங்கை இறுக்கி ஐந்து. மூன்று குரூப்பின் மையத்தையும் அளந்து பாருங்கள். மூன்று மையமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் உங்கள் ஹேண்ட்கார்டு நல்ல ஹேண்ட்கார்டு, பெயர் என்னவாக இருந்தாலும் சரி. விலகிப் போனால் அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் பயனில்லை.

நன்றாகக் கவனியுங்கள், குரூப் சிறிதாகும் என்று நான் சொல்லவில்லை. மையம் நகராது என்றுதான் சொல்கிறேன். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் பேசுகிறார்கள். சாதாரண சர்வீஸ் ரைபிளும் சாதாரண பால் தோட்டாவும் 3, 4 நிமிடக் கோணம் சுடுகிற ஜோடி. அதில் ஃப்ரீ-ஃப்ளோட் மாட்டியதும் அது ஸ்னைப்பர் ரைபிள் ஆகிவிடாது. 1 நிமிடக் கோணம் என்பது 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 8.7 சென்டிமீட்டர். ஸ்லிங் இழுப்பில் மையம் 2 நிமிடம் நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம், 300 மீட்டரில் அது 17 சென்டிமீட்டருக்கு மேல். ஏற்கெனவே விரிந்து விழுகிற குரூப் மொத்தமாக ஒரு சாண் தள்ளிப் போய்விட்டால், பாறைக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டுகிறவனைத் தொடவே தொடாது. அவன் திருப்பிச் சுடுவான். சிப்பாய்க்கு ஃப்ரீ-ஃப்ளோட் தரும் லாபம் இதுதான்: ரேஞ்சில் படுத்துப் போட்ட ஜீரோ, மலையில் பாறைமேல் சாய்ந்தாலும் அதே ஜீரோவாக இருக்கும்.

இனி எதிர்க்கட்சிக்காரர்களுக்கு வருவோம்.

முதல் கட்சி என் வயதுக்காரர்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு வந்தாலே ஒருவர் எழுதுவார்: ‘திரீ நாட் திரீயில என்ன ரயில் இருந்தது? இரும்பு சைட்டை வச்சே சுட்டோம்.’ உடனே பத்துப் பேர் கை கூப்புவார்கள். ஐயா, திரீ நாட் திரீயில் ரயில் இல்லை, ஆனால் பேரலைக் கட்டை தொடுகிற பிரச்சினை அன்றும் இருந்தது. அதற்காகத்தான் அந்தக் காலத்து ஆர்மரர் அந்த மரக்கட்டையோடு மல்லுக்கட்டினான். லீ-என்ஃபீல்டு நம்பர் 4-ல் முன்கட்டையின் நுனி பேரலைக் கீழிருந்து சில பவுண்டு அழுத்தத்தோடு தாங்க வேண்டும் என்று கணக்கே இருந்தது. அதற்கு முந்திய எஸ்.எம்.எல்.இ.யில் கட்டைக்குள் ஸ்பிரிங் வைத்த குமிழ் ஒன்று இருந்தது. மழையில் மரம் ஊறினால் அழுத்தம் மாறும், ஜீரோ மாறும். நீங்கள் ரேஞ்சில் கொண்டுவந்து ‘இது சரியாப் போகல’ என்று நீட்டிய துப்பாக்கியை எவனோ ஒருவன் பட்டறையில் உட்கார்ந்து சுரண்டிச் சரிசெய்து கொடுத்தான். அவன் செய்தது உங்களுக்குத் தெரியாது என்பதால் அப்படி ஒரு வேலையே இல்லை என்று ஆகிவிடாது. மரம் போய் அலுமினியம் வந்திருக்கிறது. கேள்வி அதேதான்: பேரலை எது, எங்கே, எவ்வளவு தொடுகிறது?

அதுவும் இன்றைய சிப்பாய் உங்களைப்போல வெறும் துப்பாக்கி தூக்கவில்லை. இரவில் தேடுதல் நடத்துகிறான். ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் துப்பாக்கியுமாக ஒரு வீட்டுக்குள் நுழையச் சொல்கிறீர்களா? டார்ச் துப்பாக்கியில்தான் இருக்க வேண்டும். மாட்ட ஓர் இடம் வேண்டும். அதை ‘அலங்காரம்’ என்று சிரிப்பது நமக்கு அழகில்லை.

இரண்டாவது கட்சி நம் பையன்கள். ‘ஃபாரின் ஆர்மி எல்லாம் போட்டிருக்கான் பெரியப்பா’ என்பதுதான் அவர்கள் வாதம். ஃபாரின் ஆர்மி எப்படிப் போட்டது என்று பார்த்தார்களா? அமெரிக்காவில் பட்டையின் அளவை மில்-ஸ்டாண்டர்ட் 1913 என்று 1995-ல் நிர்ணயித்தார்கள். பிக்காடினி ரயில் என்பது அதுதான். பல்லின் அகலம், இடைவெளி, கோணம் எல்லாம் எழுத்தில் இருக்கிறது. எம்-4 கார்பைனுக்கு முதலில் கொடுத்த ரயில் ஹேண்ட்கார்டு ஃப்ரீ-ஃப்ளோட் அல்ல, பழைய ஹேண்ட்கார்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தது. அதில் கண்ட குறைக்குப் பிறகு சிறப்புப் படைகளுக்கு ஃப்ரீ-ஃப்ளோட் வகையைக் கொடுத்தார்கள். நாலு பக்கமும் பட்டை வைத்தால் கனமும் கூடுகிறது, கையும் அறுக்கிறது என்று பிறகு தேவையான இடத்தில் மட்டும் பட்டைத் துண்டை மாட்டிக்கொள்ளும் முறைகள் வந்தன: 2012-ல் கீமாட், 2014-ல் எம்-லாக். இரண்டையும் அவர்களே சோதித்துப் பார்த்து எம்-லாக் பக்கம் சாய்ந்தார்கள். எல்லாம் சோதனை, அளவு, எழுத்து, பிறகு வினியோகம். எந்த ஊர் ராணுவமும் சிப்பாயிடம் உண்டியல் குலுக்கச் சொல்லி இதைச் செய்யவில்லை.

இன்னொன்று. உன் கையில் இருப்பது என்ன துப்பாக்கி என்று முதலில் பார், தம்பி. 2019 பிப்ரவரியில் 72,400 சிக்-716 துப்பாக்கிக்கு ஒப்பந்தம் ஆனது. 2024-ல் மேலும் 73,000-க்கு ஆர்டர் போனது. அது 7.62×51 துப்பாக்கி. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஃப்ரீ-ஃப்ளோட் ஹேண்ட்கார்டு, எம்-லாக் துளைகளோடுதான் வருகிறது. அதைக் கழற்றி வேறொன்று மாட்ட என்ன அவசியம்? டார்ச்சுக்கு ஒரு சிறு பட்டைத் துண்டு போதும். ஏகே-203 என்றால், 2021 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 6 லட்சத்துக்கு மேல் அமேதி பக்கம் கோர்வாவில் தயாராகின்றன. அதிலும் ரயில் கூடவே வருகிறது. ஃப்ரீ-ஃப்ளோட் இல்லை, ஆனால் அந்தத் துப்பாக்கியின் வேலைக்கு அது போதும். பிரச்சினை பழைய ஏகேயும் இன்சாஸும் வைத்திருப்பவனுக்குத்தான். அவனுக்கு ஃப்ரீ-ஃப்ளோட் என்ற பெயரில் எதை மாட்டினாலும் அடிப்படை அமைப்பு மாறாது என்பதே உண்மை. டார்ச்சும் முன்பிடியும் மாட்ட உறுதியான ரயில் போதும். சைட்டை மட்டும் அங்கே கொண்டுபோய் வைக்கக்கூடாது. அதன் இடம் ரிசீவர்.

ஃப்ரீ-ஃப்ளோட் என்றால் எல்லாம் நன்மை என்றும் நினைக்க வேண்டாம். ஒரு முனையில் மட்டும் பிடித்த குழாய், பால்கனி சிலாப் மாதிரி. நுனியில் பாரம் வைத்தால் கொஞ்சம் வளையும். பேரலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தக் குழாய் நுனியில் லேசர் மாட்டியிருந்தால்? 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு நுனி அரை மில்லிமீட்டர் சாய்ந்தால்கூட 100 மீட்டரில் லேசர் புள்ளி 16, 17 சென்டிமீட்டர் விலகிவிடும். பேரல் ஓரிடம் பார்க்கும், லேசர் ஓரிடம் பார்க்கும். இரவில் லேசரை மட்டும் நம்பிச் சுடுகிறவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. எனவே சுவர் மெல்லிய, இறகு போன்ற கனமில்லாத ஹேண்ட்கார்டு போட்டிச் சுடுதலுக்குச் சரி. லேசர் மாட்டுகிறவனுக்கு விறைப்பான குழாய் வேண்டும், கொஞ்சம் கனமானாலும் பரவாயில்லை. அலுமினியம் சூட்டையும் குளிரையும் அப்படியே கைக்குக் கடத்தும். ராஜஸ்தான் மே மாதத்திலும் சியாச்சின் ஜனவரியிலும் வெறும் உலோகத்தைப் பிடித்துப் பார்த்தவனுக்குத் தெரியும். பட்டைக்கு மேல் மாட்டும் உறை இல்லாமல் ரயில் வாங்குவது செருப்பில்லாமல் வெயிலில் அனுப்புகிற மாதிரி. துப்பாக்கியே 4 கிலோவை நெருங்குகிறது. அதன் நுனியில் கூட்டுகிற ஒவ்வொரு நூறு கிராமும் மலை ஏறும்போது அரைக் கிலோவாகத் தெரியும்.

இப்போது மாட்டும் வேலைக்கு வருவோம். ‘நாலு ஸ்குரூதானே, நாங்களே போட்டுக்குவோம்’ என்கிறான் ஒருவன். சிறப்புப் படைகள் வைத்திருக்கிற எம்-4 வகையை எடுத்துக்கொள்வோம். உண்மையான ஃப்ரீ-ஃப்ளோட் மாட்ட வேண்டுமானால் பேரல் நட்டையே கழற்ற வேண்டும். மேல் ரிசீவர் அலுமினியம். அதை அப்படியே வைஸில் கடித்தால் நசுங்கும். அதற்கென்றுள்ள பிளாக்கில் உட்கார வைக்க வேண்டும். ரிசீவரைத் திருகவிட்டால் பேரலின் பின் உட்காரும் காடி கெட்டுப் போகும், அப்புறம் பேரல் நேராகவே உட்காராது. புதுநட்டின் மரைக்கு கிராஃபைட் கலக்காத கிரீஸ் தடவ வேண்டும். கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். இறுக்கும் அளவு பழைய நட்டுக்கு 30 முதல் 80 அடி-பவுண்டு. புதுநட்டுக்கு அதைச் செய்தவன் எழுதியுள்ள அளவு. பல் வைத்த நட்டென்றால் கேஸ் டியூப் எங்கும் உரசாமல் நட்டின் பல் இடுக்கு வழியாகப் போக வேண்டும். இடுக்கு நேராக வரவில்லையென்றால் அடுத்த பல்வரை இறுக்கலாமே தவிர, தளர்த்தி நேர்ப்படுத்தக் கூடாது. நீளமான ஹேண்ட்கார்டு என்றால் உயரமான முன்சைட் இருக்கிற கேஸ் பிளாக் அதற்குள் போகாது. தாழ்ந்த பிளாக் போட வேண்டும், அது பேரல் துளைக்கு மேல் சரியாக உட்கார வேண்டும். ஹேண்ட்கார்டின் மேல்பட்டையும் ரிசீவர் பட்டையும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஸ்குரூவுக்குப் பிடிமானப் பசை, அதன்மேல் பெயின்டால் ஒரு கோடு. அந்தக் கோடு பிரிந்தால் ஸ்குரூ தளர்ந்தது என்று அர்த்தம். எல்லாம் முடிந்தபின் புதிதாக ஜீரோ. ஐம்பது, நூறு ரவுண்டு போனபின் மறுபடி சோதனை.

இதில் எந்த இடத்தில் தவறினாலும் துப்பாக்கி சுடாமல் போகலாம், அல்லது சுட்டு வேறெங்கோ போகலாம். இது பாரக்கில் கட்டிலில் உட்கார்ந்து செய்கிற வேலையா? டார்க் ரெஞ்ச் இல்லாமல் ‘கை பழக்கத்தில்’ இறுக்குகிறேன் என்று சொல்பவனை நான் பட்டறைக்குள் விட்டதில்லை.

இங்கே உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. விழுப்புரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிக்கு இதுபோல ஏதாவது கடைந்து தரலாமா என்று விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம் ஐயா. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் கேட்கிறது. பன்றி விரட்ட வைத்திருக்கும் துப்பாக்கிக்கு ரயில் எதற்கு?

மூன்றாவது கட்சி காசு விஷயம். இதுதான் என் வயிற்றெரிச்சல். சிக்-716 முதல் ஒப்பந்தம் சுமார் 700 கோடி என்று செய்தி வந்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு துப்பாக்கி ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவுக்குக் காசு போட்டுத் துப்பாக்கி வாங்குகிற நாடு, அதில் மாட்ட வேண்டிய பட்டைத் துண்டையும் பிடியையும் உறையையும் சிப்பாய் சம்பளத்திலிருந்து வாங்கட்டும் என்று விடலாமா? மாடு வாங்கியவன் மூக்கணாங்கயிற்றுக்கு மாட்டுக்காரப் பையனிடம் காசு கேட்கலாமா?

சொந்தக் காசில் வாங்கினால் என்ன நடக்கிறது? பத்துப் பேர் பத்துக் கடையில் பத்து விதமாக வாங்குகிறார்கள். ஒன்றின் பல் அகலம் 1913 அளவில் இருக்காது, மாட்டிய டார்ச் ஆடும். ஒன்றின் ஸ்குரூ அங்குல அளவு, ஒன்று மெட்ரிக். ஆர்மரரிடம் எதற்குமே உதிரி பாகம் கிடையாது. ஒருவன் லீவில் போனபின் அவன் துப்பாக்கியை எடுத்தவனுக்கு அதில் என்ன ஜீரோ போட்டிருக்கிறது என்று தெரியாது. எதிலாவது குறை வந்தால் யாரிடம் கேட்பது? அரசாங்கக் கணக்கில் இல்லாத பொருளுக்குக் குறை அறிக்கை எழுத முடியாது. குறை எழுதாவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் தெரியும். சிப்பாயின் காசில் ஒரு ஓட்டையை அடைத்துவிட்டால், அந்த ஓட்டை இருந்ததே பதிவாகாது. இதைத்தான் நம் பையன்கள் புரிந்துகொள்ள மறுக்கிறார்கள். தியாகம் என்று நினைத்துக் கொடுக்கிறார்கள். அது அடுத்து வருகிறவனுக்குக் கெடுதலாக முடிகிறது.

பட்ஜெட் இல்லை என்பார்கள். அலுமினியம் 6061 நம் நாட்டில் கிடைக்காதா? கோவையிலும் ஓசூரிலும் சி.என்.சி. இயந்திரத்தில் கார், பம்பு உதிரிகளை மைக்ரான் கணக்கில் கடைந்து தள்ளுகிறார்கள். தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019 ஜனவரியில் திருச்சியில் விழா நடத்தித் தொடங்கினார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி அதில் அடக்கம். அந்தத் திருச்சியில் 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இன்சாஸ் அங்கே செய்தார்கள், ஏகே வகையில் திருச்சி அசால்ட் ரைபிளும் அங்கே செய்கிறார்கள். 2021 அக்டோபரில் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டைப் பிரித்து ஏழு கம்பெனி ஆக்கியபோது அது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழ் போனது. துப்பாக்கியே செய்கிற ஊருக்கு ஒரு ஹேண்ட்கார்டு செய்வது பிரமாதமா? ஒவ்வொரு துப்பாக்கி வகைக்கும் ஒரே ஒரு வரைபடத்தை முடிவு செய்து, ‘இந்த அளவு, இந்த விறைப்பு, இவ்வளவு கனத்துக்கு மேல் கூடாது, இவ்வளவு ரவுண்டு சுட்டபின்னும் ஜீரோ இதற்குமேல் நகரக்கூடாது’ என்று எழுதிக் கொடுத்தால் போதும். நம் ஊர்ப் பட்டறைகள் செய்து தரும். எழுதித் தருவதற்குத்தான் ஆள் இல்லை.

எல்லாத் துப்பாக்கிக்கும் ஃப்ரீ-ஃப்ளோட் வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. காவல் நிற்கிறவனுடைய இன்சாஸுக்கு அது தேவையில்லை. 500 மீட்டர் தாண்டிச் சுட வேண்டிய 7.62×51 துப்பாக்கிக்கும், பைபாட் வைத்துச் சுடுகிற குறிகாரனுக்கும் வேண்டும். இரவு வேலை செய்கிற அணிக்கு லேசரைத் தாங்குகிற விறைப்பான ரயில் வேண்டும். மற்றவர்களுக்கு டார்ச் மாட்ட ஓர் உறுதியான இடம் போதும். யாருக்கு எது என்று பிரித்துக் கொடுப்பதுதான் நிர்வாகம். எல்லாருக்கும் ஒன்று என்பதும், யாருக்கும் இல்லை என்பதும் சோம்பேறித்தனம்.

ஆகவே என்னிடம் கேட்கிற பையன்களுக்கு என் பதில்: காசு போடாதே. உன் துப்பாக்கியில் என்ன குறை என்று மேலே சொன்ன மாதிரி மூன்று குரூப் சுட்டு, அளந்து, தேதி போட்டு, ஆர்மரர் கையெழுத்தோடு எழுதிக் கொடு. டார்ச் மாட்ட இடமில்லை என்றால் அதையும் எழுது. ஒருவன் எழுதினால் கோப்பில் தூங்கும். ஒரு கம்பெனியே எழுதினால் யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு: கிண்டல் பண்ணுவதை விட்டுவிட்டு, உங்களுக்குத் தெரிந்த பெரிய அதிகாரிகள் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். முன்னாள் படைவீரர் கூட்டத்தில் பென்ஷனைப் பற்றிப் பேசி முடித்தபின் ஐந்து நிமிடம் இதற்கும் ஒதுக்கலாம்.

வாங்குகிற அதிகாரிகளுக்கு நான் சொல்வது எட்டுமா தெரியாது. ஆனாலும் எழுதி வைக்கிறேன். அடுத்த ஒப்பந்தத்தில் துப்பாக்கியோடு ஹேண்ட்கார்டு, பட்டைத் துண்டு, உறை, ஸ்குரூ உதிரி எல்லாம் ஒரே பெட்டியில் வரட்டும். ஒவ்வொரு பட்டாலியன் பட்டறைக்கும் இரண்டு டார்க் ரெஞ்ச், அந்தந்தத் துப்பாக்கிக்கான ரிசீவர் பிளாக், அளவுகள் எழுதிய ஒரு கையேடு. ஆர்மரருக்கு இரண்டு வாரப் பயிற்சி. இதற்கு ஆகும் செலவு ஒரு துப்பாக்கி விலையில் சிறு பங்குகூட இல்லை. கண்டாச்சிபுரத்துப் பையன் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறான். தங்கை கல்யாணக் கடன் இருக்கிறது, அப்பாவின் போர்வெல் கடன் இருக்கிறது. மீதிப் பாதியில் அவன் ரயில் வாங்க வேண்டாம்.